திட்டு வராத காலை

நேற்று உங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவர் ஒரு பட்டியலைப் போட்டிருந்தார். முப்பத்தெட்டு சர்வர்கள். "இதெல்லாம் அந்தக் கட்சிக்காரனுங்க கூடாரம், மொத்தமா பிளாக் பண்ணிடலாமா?" என்று கேள்வி. கீழே ஆறு கட்டைவிரல். ஆறு பேரில் ஒருவராவது அந்த முப்பத்தெட்டில் ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

நான் இந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. என்னை இன்னும் குழுவில் வைத்திருப்பது மரியாதைக்காக. வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றுதான் இருந்தேன். அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்ததும் முடியவில்லை. எனக்கு இனிமையாக எழுத வராது. படியுங்கள்.

போன மாதம் சேர்ந்த இரண்டு பேருக்காக ஒரு விஷயம். நம்முடையது ஒரு கம்பெனி கையில் இருக்கும் தளம் இல்லை. ஊருக்கு ஒரு சர்வர், கூட்டத்துக்கு ஒரு சர்வர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி. சர்வருக்கும் சர்வருக்கும் நடுவில் ரோடு மாதிரி ஒரு தொடர்பு. அதனால்தான் கள்ளக்குறிச்சியில் இருப்பவர் எழுதுவதைக் கல்வராயன் மலையில் இருப்பவர் படிக்கிறார். நிர்வாகி ஒரு தனி ஆளையும் பிளாக் பண்ணலாம், ஒரு சர்வரையே பிளாக் பண்ணலாம். சர்வரை பிளாக் பண்ணுவது ரோட்டில் முள்ளை வெட்டிப் போடுவது மாதிரி. குடிகாரன் வரமாட்டான், சரி. பால்காரனும் வரமாட்டான்.

பிளாக் பண்ணுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பெண்களுக்கு அசிங்கமாகச் செய்தி அனுப்பிய ஒருத்தனை நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வந்து தூக்கி எறிந்திருக்கிறேன். மிச்சச் சோறு இறங்கியது. அப்படி எத்தனையோ பேர். ஒருவரைப் பற்றியும் வருத்தம் இல்லை. வருத்தம் ஒரே ஒரு பட்டனைப் பற்றித்தான்.

அப்போது நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். அந்தக் கடையின் பின்பக்க அறையில் இருந்துதான் சர்வரையும் பார்த்துக்கொண்டேன். என்னோடு சேகர் இருந்தார். டிராக்டர் உதிரி பாகக் கடைக்காரர். நல்ல மனுஷன், ஆனால் கட்சி என்று வந்துவிட்டால் சொந்த மச்சானிடமே பேசமாட்டார்.

எங்கள் சர்வரின் பெரிய ஆள் நானும் இல்லை, சேகரும் இல்லை. பரிமளா. கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருப்பவள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ் அவள் கடையைத் தாண்டித்தான் மலை ஏற வேண்டும். பஸ் வரவில்லை என்றால் முதலில் அவளுக்குத் தெரியும். அதை எங்கள் சர்வரில் போடுவாள். மலையில் இருப்பவர்கள் அவர்களுடைய சர்வரில் இருந்துகொண்டு அவளை ஃபாலோ பண்ணி அதைப் படிப்பார்கள். விடிகாலையில் ஒரு மணி நேரம் நடந்து வந்து பஸ் பிடிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடந்து பார்த்தால் தெரியும்.

பரிமளாவிடம் ஒரு பழக்கம். பஸ் வராத நாளில் மட்டும்தான் போடுவாள். ஒரு தடவை கேட்டேன், "ஓடற அன்னிக்கும் ஒரு வரி போடேன்" என்று.

"ஓடலன்னா சொல்றேன். ஓடிச்சுன்னா நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? பஸ்ஸு தானா வந்து நிக்கும், பார்த்துக்கினு ஏற வேண்டியதுதான். எனக்கு வேற வேலை இல்லியா?"

நியாயமாகத்தான் இருந்தது. மலையிலும் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. பரிமளா பேசவில்லையா, பஸ் ஓடுகிறது. அவ்வளவுதான் கணக்கு. அவள் "வராது" என்று போட்டால் மலையில் இருந்து பத்துப் பேர் பஸ் கம்பெனியைத் திட்டுவதற்குப் பதிலாக அவளைத் திட்டுவார்கள். "நீ டீ கொடுத்து டிரைவர ஒக்கார வெச்சிக்கினியா?" என்பார் ஒருவர். அவளும் விடமாட்டாள். "ஆமா, உனுக்கும் சேத்துதான் வடை போட்டு வெச்சிருக்கேன், நடந்து வந்து துன்னு" என்பாள். அந்தக் கூச்சலே எங்கள் சர்வரின் உயிர்.

மலை சர்வரை நடத்தியவர் காளியப்பன். வெள்ளிமலையில் செல்போன் ரிப்பேர் கடை. மரவள்ளி ஏற்றுகிற ஒரு பிக்அப் வண்டியும் இருந்தது. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர்கூடக் கிடையாது. எல்லாம் சர்வர் வழியாகவே.

தேர்தல் வந்தது.

மலை சர்வரில் ஒருவர் ஒரு வீடியோ போட்டார். பிரச்சார வண்டி ஒன்று மலைப்பாதையில் மாட்டிக்கொண்டு பத்து பேர் தள்ளுகிறார்கள். கீழே ஒரு வரி: "ஓட்டு கேக்க வந்தாதான் எங்க ரோடு எப்படி கீதுன்னு தெரியுது." அந்த வண்டி எங்கள் சர்வரில் பாதிப் பேருடைய கட்சி வண்டி. சேகருடைய கட்சி. மறைப்பானேன், நான் ஓட்டுப் போடுகிற கட்சியும் அதுதான். பேர் வேண்டாம்.

இரண்டு நாள் நரகம். மாறி மாறி வசவு. மூன்றாம் நாள் பெரிய சர்வர்களின் நிர்வாகிகள் பதினோரு பேர் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர்களிடம் ஒரு பொதுப் பட்டியல் இருந்தது. மலை சர்வரை அதில் சேர்த்துவிட்டார்களாம், நானும் பிளாக் பண்ண வேண்டுமாம். "பண்ணாதவர்களையும் எதிர்ப்பக்கமாகத்தான் எடுத்துக்கொள்வோம்."

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் புதுச்சேரிக்காரர் ஒருவர். போனில் மட்டும்தான் பழக்கம். பேர் கேட்டால் "பேரு இன்னாத்துக்கு, வேலையப் பாரு" என்பார். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்று நினைவு வந்தது. ஒரு சர்வரை மூடுவதற்கு முன்னால், அங்கிருந்து நமக்கு வருகிற கடைசி ஐம்பது பதிவுகளைப் படி. அதேபோல, நம்மிடமிருந்து அங்கே யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார். இரண்டும் பார்த்துவிட்டு அழுத்து.

நினைவு வந்தது. செய்யவில்லை. காலை பதினோரு மணி. ஒரு கையில் டீ. இன்னொரு கையால் அழுத்தினேன். பயந்து அழுத்தினேன் என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிப் பொய். எனக்கு ஜாலியாக இருந்தது. சேகர் மேஜையைத் தட்டி, "அப்பிடிப் போடு யக்கா!" என்றார். எனக்குள் ஏதோ ஜெயித்த மாதிரி ஒரு துள்ளல். அந்தத் துள்ளல் வரும்போது கையை எடுங்கள். அதைத்தான் இவ்வளவு தூரம் சுற்றிச் சொல்கிறேன்.

பிறகு பதினேழு நாள். பஸ் ஒழுங்காக ஓடியது. பரிமளா ஒன்றும் போடவில்லை. எங்கள் ஆட்கள் "அப்பாடா, நிம்மதி" என்றார்கள். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பதினெட்டாம் நாள் காலை எட்டே கால். கடையைத் திறந்து பிரின்டரைப் போடுகிறேன். பரிமளா போன்.

"யக்கா, என் போஸ்ட்டு ஒழுங்கா போச்சா பாரு."

"எந்தப் போஸ்ட்டு?"

"இன்னிக்கு வெள்ளிமலை பஸ்ஸு வராதுன்னு அஞ்சே முக்காலுக்குப் போட்டேன். ராத்திரி எவனோ கொடிக்கம்பத்த வெட்டிட்டான். ரெண்டு கட்சிக்காரனும் என் கடை வாசல்ல நடுரோட்ல குந்திக்கினு கீறானுங்க. மறியலு. பஸ்ஸு மலையே ஏறல. சங்கராபுரம் ரோட்டுப் பக்கம் எறங்குங்கன்னு போட்டேன்."

"நல்லதுதானே. அப்புறம் இன்னா?"

"மலையில இருந்து ஒருத்தன்கூடத் திட்டலியே!"

எனக்குப் புரியவில்லை. அவள் குரல் ஏறியது. "ரெண்டரை மணி நேரம் ஆச்சு யக்கா. எப்பவும் அஞ்சு நிமிஷத்துல பத்து பேரு வந்து என் பரம்பரையே இழுப்பானுங்க. ஒருத்தன் வரல. எனக்கு என்னமோ பயமா கீது."

பிளாக். நான் அழுத்திய பிளாக். அவளுடைய பதிவு மலைக்குப் போகவே இல்லை. அதைவிட மோசம் என்னவென்றால், மலையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பதே ஒரு செய்தி. பரிமளா பேசவில்லை, ஆகவே பஸ் வருகிறது. வெள்ளிமலையில் ஏழு மணி பஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த நம்பிக்கையில் நின்றுகொண்டு இருப்பார்கள்.

அப்போதுதான் பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. செல்வியின் அழைப்புக் கடிதம்.

செல்வி வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிற்றூர்ப் பெண். நர்சிங் படிப்புக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு ஈமெயில் கிடையாது, என் கடை ஈமெயிலைத்தான் கொடுத்திருந்தேன். மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். கடிதம் முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்கு, கள்ளக்குறிச்சியில், பகல் பன்னிரண்டு மணி வரை. வராவிட்டால் சீட் அடுத்தவருக்கு. தேதி முன்பே தெரிந்திருந்ததால், அன்றைக்கு ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகப் போன வாரமே சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு சாதிச் சான்றிதழுக்கு அவள் அம்மா எத்தனை தடவை மலை இறங்கினார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்.

அவள் அம்மாவின் நம்பரைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. அதே குரல்.

பிளாக்கை எடுத்தேன். இங்கே ஒரு விஷயத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். பிளாக்கை எடுத்தால் ரோடு திறக்கும், ஆனால் அறுந்துபோன ஃபாலோ திரும்ப ஒட்டாது. பரிமளாவை ஃபாலோ பண்ணிய மலைக்காரர்கள் ஒருத்தர்கூட இப்போது அவள் பட்டியலில் இல்லை. அவள் மறுபடி போட்டாலும் யாருக்கும் போகாது. நேராகக் காளியப்பன் பெயருக்கே இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். சத்தமே இல்லை. பதினேழு நாளாக மூடிக்கிடந்த கதவு, எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

சேகர் ஓடி வந்தார். "யக்கா, பிளாக்க எடுத்துட்டியா? பதினோரு பேரும் நம்பள வெட்டிடுவானுங்க!"

"வெட்டட்டும். காளியப்பன் நம்பர் யார்கிட்ட கீது?"

"நம்ப ஆளுங்க யாருகிட்டயும் இருக்காது. வாட்ஸ்அப்பு குரூப்பும் போன தேர்தல்லயே ரெண்டா ஒடஞ்சி போச்சே."

"மறியல்ல ஒக்காந்திருக்கறவன் பாதி உன் ஆளு. பஸ்ஸ மட்டும் வுடச் சொல்லு."

அவர் போன் பண்ணினார். பேசினார். முகம் தொங்கிப்போனது. "என்னையே எந்தப் பக்கம்னு கேக்கறான் யக்கா."

எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தூக்கி அடித்திருப்பேன். அடிக்கப் போன கையோடுதான் அந்த யோசனை வந்தது. மலை சர்வரின் முகப்புப் பக்கத்தைத் திறந்தேன். புதிய உறுப்பினர் பதிவு. காளியப்பன் யாரையும் விசாரிக்காமல் சேர்க்கமாட்டார். "நீங்கள் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். யாராவது அதை நிரப்பினால் நிர்வாகிக்குத் தகவல் போகும். எந்த நிர்வாகிக்கும் போகும், எனக்கும் அப்படித்தான் வரும்.

பேர் கேட்டது. இங்கிலீஷ் எழுத்தில் 'பஸ் வராது' என்று அடித்தேன். கட்டத்தில் எழுதினேன்: "கீழே சர்வர் நடத்துபவள் நான். உங்களை பிளாக் பண்ணினது நான்தான். தப்பு. இன்னைக்கு பஸ் வராது, கச்சிராயபாளையத்தில் மறியல். ஸ்டாப்பில் செல்வி என்று ஒரு பெண் நிற்கும். பன்னிரண்டுக்குள் கள்ளக்குறிச்சி வராவிட்டால் அதற்கு நர்சிங் சீட் போய்விடும். சங்கராபுரம் பக்கம் இறக்குங்கள். திட்டுவதை அப்புறம் திட்டுங்கள்." என் போன் நம்பர். அனுப்பினேன்.

ஒரு நிமிஷம். இரண்டு. சேகர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். நாலாவது நிமிஷம் போன் அடித்தது. புது நம்பர்.

"இன்னாங்க மேடம், எங்க வூட்டுக் கதவத் தட்டறீங்க? வழி தவறி வந்துட்டீங்களா?"

"காளியப்பனா?"

"நாங்கதான். எதிரிக் கூடாரம்னு நீங்க வெட்டன ஆளுங்கதான். இருக்கறமா, செத்துட்டமான்னு பார்க்க வந்தீங்களா?"

"அண்ணே, ஸ்டாப்புல ஆளு நிக்கிறாங்களா?"

"இருவது பேரு நிக்கிறாங்க. லேட்டா வரும்னு குந்திக்கினு கீறாங்க. பரிமளா ஒண்ணும் சொல்லல, அதனால வந்துரும்னு நான்தான் சொல்லிக்கினு கீறேன்." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. குரல் மாறிவிட்டது. "அடச்சே. நீங்க எங்கள வெட்டனது அன்னிக்கே தெரியும்ங்க. கோவமா கீறாங்க, ஆறட்டும்னு வுட்டுட்டேன். பஸ்ஸு சேதியும் அதோட போச்சுன்னு என் மண்டையில ஏறல பாருங்க."

"வண்டி இருக்கா?"

"வண்டி இல்லாம? மரவள்ளி ஏத்தி வெச்சிருக்கேன். அதும்மேல ஏத்திக்கினு வரேன். பன்னெண்டா?" யாரையோ பார்த்துக் கத்தினார். "ஏ செல்வி! யாரும்மா இங்க செல்வி? ஓடியா!"

எட்டே முக்கால். சேராப்பட்டு போய், சங்கராபுரம் இறங்கி, கள்ளக்குறிச்சி. சுமை ஏற்றிய வண்டி. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு சரிபார்ப்பு நடக்கும் இடத்துக்குப் போனேன். பதினொன்றுக்குச் செல்வி பேரைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய் நின்றேன்.

"நீங்களா செல்வி?" என்றார் அந்த அலுவலர்.

"இல்ல சார். வந்துக்கினு இருக்குது. மலைப் பஸ்ஸு நின்னு போச்சு."

"பன்னெண்டு வரைக்கும்தாம்மா. அதுக்கு மேல நான் நெனச்சாலும் முடியாது."

பதினொன்றே முக்கால். கேட்டுக்கு வெளியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். காளியப்பன் எடுக்கவில்லை. பதினொன்று ஐம்பது. ஹாரனை அழுத்திய கை எடுக்காமல் செம்மண் அப்பிய பிக்அப் ஒன்று திரும்பியது. பின்னால் கிழங்கு மூட்டை மேல் ஏழெட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் முன்கதவு திறந்தது. செல்வி குதித்தாள். நெஞ்சோடு ஒரு துணிப்பை. நான் கடிதத்தை நீட்டினேன், ரிலே ஓட்டக்காரி மாதிரி பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு கேட்டிலேயே கிடந்தது.

அவள் அம்மா மெதுவாக இறங்கினார். கிடந்த செருப்பை எடுத்துத் தட்டிக் கையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"நீதான் பஸ்ஸ நிறுத்தனவளா?"

"பஸ்ஸ நிறுத்தினது மறியல் பண்றவங்க. சேதிய நிறுத்தினது நானு."

"இன்னாத்துக்கு?"

என்ன சொல்வது? பதினோரு நிர்வாகிகள், பொதுப் பட்டியல் என்றா? "கட்சித் தகராறும்மா" என்றேன்.

"எந்தக் கட்சிக்காரி நீ?"

சொன்னேன்.

"நானும் அதுக்குத்தானேடி போட்டேன்" என்றார்.

காளியப்பன் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கம் முழுக்க எதிரி என்று நான் அடைத்த கூடாரத்தில் என் ஓட்டே உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் செல்வி வெளியே வந்தாள். மேலும் கீழும் தலையை ஆட்டினாள். வண்டி மேல் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் நடுரோட்டில் நின்று கத்தினேன். வெட்கமாக இல்லை.

ஆனால் ஸ்டாப்பில் இருபது பேர் நின்றார்கள். வண்டியில் வந்தது ஒன்பது பேர். மிச்சப் பேர் திரும்பி நடந்துவிட்டார்கள். அவர்களுக்கு அன்றைக்கு என்ன வேலை இருந்தது, அது என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டேன். காளியப்பன் சொல்லவில்லை. "தெரிஞ்சி இன்னா பண்ணப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய சண்டையை முதலில் இருந்து கடைசி வரை படித்தேன். மலைக்காரர் வீடியோவில் வண்டியைத்தான் கேலி செய்திருந்தார். மலைக்காரர்களின் பிறப்பை இழுத்து முதலில் எழுதியது எங்கள் சர்வர் ஆள். என் கடையில் தினமும் டீ குடிக்கிறவர். அவரைத்தான் நான் தூக்கியிருக்க வேண்டும். பதினெட்டு நாள் கழித்துத் தூக்கினேன். சேகர் எதிர்த்துப் பேசவில்லை.

பதினோரு சர்வர்களும் எங்களை வெட்டின. சில பேர் எங்களைவிட்டுப் போனார்கள். சர்வர் சாகவில்லை. அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் பிறகு தாங்களாகவே திரும்பி வந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மலைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. நான் ஒவ்வொருவராகக் கேட்டேன், பரிமளாவை மட்டுமாவது மறுபடி ஃபாலோ பண்ணுங்கள் என்று. மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த 'பஸ் வராது' கணக்கைக் காளியப்பன் ஏற்றுக்கொண்டார். பேரை மாற்றித் தரச் சொன்னேன். "அது அப்படியே இருக்கட்டும் மேடம், அழகா கீது" என்றுவிட்டார். இன்றைக்கும் மலை சர்வரில் என் பேர் அதுதான்.

பரிமளாவிடம் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இனிமேல் தினமும் போட வேண்டும், ஓடினாலும்.

"தெனமும் நான் டைப் அடிக்கணுமா? வெளையாடறியா?"

"ஒரே ஒரு வார்த்தை. நீ பேசலன்னா ஏதோ கோளாறுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் போட்டாள்.

இப்போது உங்கள் முப்பத்தெட்டுக்கு வருகிறேன். நேற்று ராத்திரியே சொல்லியிருப்பேன், கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும். பதினேழாவது வரிசையைப் பாருங்கள். அது காளியப்பன் சர்வர். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆறு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறீர்கள். கெட்ட ஆளைத் தூக்குங்கள், நானே வந்து உதவி செய்கிறேன். சர்வரை அடைப்பதாக இருந்தால் ஐம்பது பதிவுகளைப் படித்துவிட்டு, நம்மிடமிருந்து அங்கே என்ன போகிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். படிக்க நேரம் இல்லையா? அழுத்தவும் நேரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை அஞ்சே முக்காலுக்குப் பரிமளா வழக்கம்போலப் போட்டாள்: "ஓடுது."

ஏழரைக்கு மலையில் இருந்து முதல் பதில். மூன்றாம் வருஷம் படிக்கிற செல்வி, லீவுக்கு ஊருக்குப் போனவள், இன்று விடுதிக்குத் திரும்புகிறாள்.

"எங்க ஓடுது? நானும் அரை மணி நேரமா நிக்கிறேன். டிரைவர வுடு யக்கா, வடை அப்புறம் குடுப்ப."